நாள் சொன்னவர்களின் நாட்காட்டி



மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து வெளியே நடந்தபடி மதுரையின் தெருக்களைச் சொல்லிப் பாருங்கள்: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. மாதங்களின் பெயரில் தெருக்கள் அமைந்த ஊர் இது. ஆனால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்பது மதுரையில் வழங்கிவரும் செய்தி. அதிகாரம் நினைத்தால் பண்டிகையின் மாதம் மாறும் என்பதற்கு அந்தத் தேரோடும் தெருவே அடையாளம்.

நம் காலத்திலும் இது நடந்தது. 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் அது நீக்கப்பட்டுச் சித்திரை முதல் நாள் திரும்ப வந்தது. இலக்கியச் சான்று, வானியல் சான்று என்று இரு பக்கமும் வாதிட்டார்கள். தையோ சித்திரையோ, அந்த நாளில் கிராமத்தில் யார் என்ன வேலை செய்தார், யாருக்கு என்ன கிடைத்தது, யார் எங்கே நின்றார் என்ற கேள்வி அந்த வாதங்களில் பெரிதாக எழவில்லை. இந்த உரை அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

வேலை, பங்கு, வரிசை

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஆண்டு எப்படிக் கழிகிறது? தையில் பொங்கலும் மாட்டுப் பொங்கலும். மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடு. பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல், முளைப்பாரி. சித்திரையில் அழகர். ஆடியில் கூழ். கார்த்திகையில் விளக்கு. ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் இவை பொதுவான நாட்கள் போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கணக்குகள் உண்டு: வேலை, பங்கு, வரிசை.

முதலில் வேலை. திருவிழாவை ஊருக்குச் சாட்டியது பறை. சாட்டிய பிறகுதான் காப்புக் கட்டுவது, கவிச்சி விலக்குவது, வெளியூர் போனவர் பொழுது சாய்வதற்குள் திரும்புவது எல்லாம் நடைமுறைக்கு வரும். சாவுச் சேதி கொண்டுபோனதும் பறையடித்ததும் குழி வெட்டியதும் சேரிக்காரர்கள். கண்மாய் மடையைத் திறந்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியதும் பல ஊர்களில் அவர்களே. மழையையும் அறுவடையையும் சாவையும் திருவிழாவையும் ஊருக்குச் சொன்னவர்கள் இவர்கள். அவர்கள் அறிவித்த திருவிழாவில் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்களும் இவர்களே.

அடுத்தது பங்கு. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது, ஆண்டு முழுக்கச் செய்த ஊழியத்துக்கு ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அதற்குப் பழைய பெயர் ‘சுதந்திரம்’. விடுதலை என்ற பொருளில் நாம் இன்று வழங்கும் அதே சொல், களத்துமேட்டில் ஊழியத்துக்கு அளந்து போட்ட நெல்லைக் குறித்தது. வழக்கமாகக் கிடைக்கும் உரிமை என்று பெயர். அளப்பவர் கையும் மனமும் அதன் அளவைத் தீர்மானித்தன. பொங்கலுக்குக் கொடுத்த வேட்டியும் அரிசியும் இந்தக் கணக்கில்தான் வரும். அதை வாங்கிக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கும் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

மூன்றாவது வரிசை. யாருக்கு முதல் மரியாதை, யார் பானை எந்த இடத்தில், சாமி எந்தத் தெருவரை வரும், எந்தத் தெருவுக்கு வராது. சல்லிக்கட்டில் முதலில் அவிழ்க்கப்படும் கோயில் காளையிலிருந்து தேர்வடம் வரைக்கும் இந்த வரிசை ஓடுகிறது. ஆண்டுக்கொரு முறை ஊர் தன் சாதி அடுக்கை எல்லோர் கண்முன்னும் நிறுத்திக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும் நாள் திருவிழா. திருவிழாக் காலத்தில் தகராறு வருவதற்கு இதுவே காரணம். வேலையை மறுத்தாலோ வரிசையில் இடம் கேட்டாலோ, அந்த அடுக்கைக் கேள்வி கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ஏறத்தாழ 70 ஆண்டு கழித்து, 2008 மே 6 அன்று இதே மாவட்டத்து உத்தப்புரத்தில் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடிக்க வேண்டியிருந்தது. அங்கே முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011இல். பெரிய கோயிலின் கதவு திறந்ததால் கிராமத்துக் கோயிலின் கதவு தானாகத் திறந்துவிடவில்லை.

சட்டம் இன்று தெளிவாக இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி, குழி வெட்டவோ பிணம் சுமக்கவோ கட்டாயப்படுத்துவது குற்றம். பொது வழிபாட்டிடத்துக்குள் நுழைவதையும், சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் தடுப்பதும் குற்றம். இது ‘ஊர் வழக்கம்’ என்று அமைதிப் பேச்சுவார்த்தையில் சொல்லப்படும்போது, அந்த வழக்கம் சட்டத்தின் கண்ணில் குற்றம் என்பதை எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆள் இருக்க வேண்டும்.

நாமே குறித்த நாட்கள்

ஆண்டை மாற்றி எழுதும் வேலையை நம் முன்னோர் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், பண்டிகைகளுக்குப் பௌத்த விளக்கம் எழுதினார். போகி அவருக்குப் போதிப் பண்டிகை. தீபாவளி எள்நெய் கண்டுபிடிக்கப்பட்டதன் நினைவு. அவருடைய விளக்கம் ஒவ்வொன்றையும் இன்று ஏற்க வேண்டும் என்பதில்லை. பண்டிகையின் பொருளைச் சொல்லும் உரிமையை அவர் கையில் எடுத்தது முக்கியம்.

அம்பேத்கர் புதிய நாட்களை உண்டாக்கினார். 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுநூல் எரிக்கப்பட்டது. 1968இல் அதே டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1818 ஜனவரி 1இன் பீமா கோரேகான் போரை நினைத்து ஆண்டுதோறும் மக்கள் அங்கே கூடுகிறார்கள். ஆங்கில ஆண்டு முடிந்து பிறக்கும் அந்த ஒரு வாரம் நமக்கு நெருப்பாலும் நினைவாலும் ஆனது. சித்திரை முதல் நாள் பெரும்பாலும் வரும் ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள்; 2022 முதல் தமிழ்நாட்டில் அது சமத்துவ நாள்.

நம் வட்டாரத்துக்கென இரண்டு நாட்கள் உண்டு. ஒன்று செப்டம்பர் 11. 1957இல் அன்றுதான் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 2011இல் அதே நாளில் அஞ்சலிக்குக் கூடியவர்கள் மீது காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. இன்னொன்று ஜூன் 30. மேலூருக்கு அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். கடைசியில் தலைவரான முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்று அங்கே ‘விடுதலைக் களம்’ இருக்கிறது. ஆண்டுதோறும் மக்கள் கூடுகிறார்கள்.

அந்த வழக்கில் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி மூன்று பேர் விடுவிக்கப்பட்டார்கள். 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டிய ஆணைப்படி 13 பேர் விடுவிக்கப்பட்டார்கள். இதைக் கவனியுங்கள். தலைவர்களின் பிறந்த ஆண்டு அரசின் நாட்காட்டியில் இருக்கிறது. ஜூன் 30 அதில் இல்லை. நீண்டகாலச் சிறைவாசிகளின் விடுதலையை நாம் பொதுவாக எதிர்ப்பவர்கள் இல்லை. ஆறு குடும்பங்களின் குரலுக்கு அந்த முடிவில் என்ன இடம் என்பதே நம் கேள்வி. பிணை, பரோல், விடுதலை தொடர்பான நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவர் தரப்பும் கேட்கப்பட வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு சொல்கிறது. நூற்றாண்டு விழாவுக்கான தண்டனைக் குறைப்புகளிலும் அந்த உரிமை செல்ல வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

நினைவு நாளுக்குப் பிறகு

நினைவு நாளும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. மாலை, பதாகை, வாகன வரிசை, யார் முதலில் அஞ்சலி செலுத்துவது என்ற போட்டி! ஊர்த் திருவிழாவின் வரிசையை எதிர்த்தவர்கள் அதே வரிசையை நினைவிடத்தில் அமைத்துக்கொண்டால் நாம் மாற்றியது தேதியை மட்டுமே.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தேர்தலே ஒரு சடங்காக இருந்தது: தேர்தல் அறிவிப்பு வரும், வேட்பாளர் இருக்கமாட்டார், இருந்து வென்றால் உடனே பதவி விலகுவார். 2006 அக்டோபரில்தான் அது முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டே இருந்ததால் முடிவுக்கு வந்தது.

ஆகவே நினைவு நாட்களோடு இன்னும் ஆறு நாட்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவை கிராமசபை நாட்கள். ஊராட்சித் தலைவர் தலித் என்றால் கொடியை அவர்தான் ஏற்றினாரா? அவருக்கு நாற்காலி இருந்ததா? சேரியின் தெருவிளக்கும் சுடுகாட்டுப் பாதையும் தீர்மானத்தில் ஏறியதா? வேலை, பங்கு, வரிசை மூன்றையும் சட்டப்படி கேட்கக்கூடிய நாட்கள் இவை.

சிவகாசியில் அச்சான தினசரி காலண்டர் நம் எல்லோர் வீட்டிலும் தொங்குகிறது. காலையில் தாளைக் கிழித்து ராகு காலம் பார்க்கிறோம்; குழுக்கடன் தவணை நாளை அதில் வட்டமிட்டு வைக்கிறோம். மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் ஓர் ஆண்டில் வரும் விசேஷ நாட்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே யார் வேலை செய்தார், யாருக்குப் பங்கு கிடைத்தது, யார் எங்கே நின்றார் என்று எழுதுங்கள். பாட்டி தாத்தாக்களிடம் முன்பு எப்படி இருந்தது, எந்த வேலையை யார் எப்போது மறுத்தார்கள் என்று கேளுங்கள். மறுத்த அந்த நாளையும் தேதியோடு குறியுங்கள். அந்தத் தேதிகள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடையாது. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு இதே நாளில் கூடும்போது அந்தக் குறிப்புகளோடு வாருங்கள். உங்கள் ஊர்களிலிருந்து அடுத்த உரையைத் தொடங்குவோம்.

ஜெய்பீம்.