சித்தி முதல் வாணி ராணி வரை: சின்னத்திரையில் ராதிகா வந்த வழி

தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் பற்றி எமது சமூகத்தில் பேச்செழும் போதெல்லாம் இரண்டு விதமான குரல்களே கேட்கின்றன. அவை குடும்பங்களைக் கெடுக்கின்றன, பிள்ளைகளின் படிப்பைப் பாழாக்குகின்றன என்பது ஒன்று. நேற்றைய கதையில் என்ன நடந்தது, இன்று என்ன நடக்கப் போகின்றது என்பது மற்றையது. கண்டிப்பவர்களும் பார்ப்பவர்களும் பல வேளைகளில் ஒரே ஆட்களாகவே இருப்பதையும் நாம் அறிவோம். ஆனால் இத்தொடர்களை ஆக்கியவர்கள் யார், அதன் பின்னால் இருந்த தொழில் எவ்வாறு இயங்கியது என்பவை பற்றி நாம் அவ்வளவாக ஆராய்வதில்லை. ராதிகா என்ற நடிகையின் வாழ்க்கையை இவ்விடத்தில் எடுத்துக்கொள்வது அதற்காகவே.

அவரது பெயர் எமக்கு அந்நியமானதன்று. தந்தை, 'இரத்தக்கண்ணீர்' நாடகத்தாலும் அதே பெயரில் 1954 இல் வெளிவந்த திரைப்படத்தாலும் தமிழர் வாழும் இடமெங்கும் அறியப்பட்ட எம்.ஆர். ராதா. தாயார் கீதா இலங்கையைச் சேர்ந்தவர். பின்னாளில் தாமும் நடிகையாக அறிமுகமான இளைய சகோதரி நிரோஷா பிறந்தது கொழும்பில். 1967 ஜனவரி 12 ஆம் திகதி எம்.ஜி.ஆர். மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டினால் தமிழகமே கொந்தளித்த வேளையில் ராதிகா ஒரு சிறுமி. தந்தை சிறை சென்றார். சில ஆண்டுகளின் பின்னரே மீண்டார். தமிழ்ப் பட இரசிகர்களில் பெரும் பகுதியினர் எவரைத் தெய்வமாகக் கொண்டாடினார்களோ அவரைச் சுட்டவரின் மகள் என்ற பெயருடன் திரையுலகிற்குள் நுழைவது இலகுவான காரியமாக இருந்திருக்க முடியாது.

1978 இல் பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' திரைப்படத்தில் பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக அவர் அறிமுகமானார். 'பதினாறு வயதினிலே' படத்தின் வெற்றிக்குப் பின்னர் பாரதிராஜா எடுத்த இரண்டாவது படம் அது. நகரத்திலே வளர்ந்த, நடிப்புப் பயிற்சி எதுவுமற்ற, பதின்ம வயதுப் பெண் ஒருவர் கிராமத்துப் பாத்திரத்தில் பொருந்திப் போனதைக் கண்டு அன்றைய இரசிகர்கள் வியந்தனர். படம் பெரும் வெற்றி பெற்றது. மகளின் முதற்படம் வெளியாகி ஓராண்டு கடந்த நிலையில், 1979 செப்டெம்பரில், எம்.ஆர். ராதா காலமானார்.

அடுத்த பத்தாண்டு கால ஓட்டத்தை இங்கு விரிவாகக் கூற வேண்டியதில்லை. தமிழிலும் தெலுங்கிலுமாக அவர் முன்னணி நடிகையானார். 1981 இல் சிரஞ்சீவியுடன் நடித்த 'நியாயம் காவாலி' தெலுங்கில் அவரை நிலைநிறுத்தியது. 1986 இல் கே. விஸ்வநாத் இயக்கத்தில் கமல்ஹாசனுடன் நடித்த 'சுவாதி முத்யம்', தமிழில் 'சிப்பிக்குள் முத்து', இந்தியாவின் சார்பில் ஒஸ்கார் போட்டிக்கு அனுப்பப்பட்டது. குழந்தையுடன் விதவையாகி நிற்கும் இளம் பெண்ணாக அதில் அவர் நடித்ததை, படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

எமது கருத்தில், அவரது பிற்கால வாழ்வைப் புரிந்துகொள்ள உதவும் படம் வேறொன்று. 1985 இல் வெளியான 'மீண்டும் ஒரு காதல் கதை'யை ராதிகாவே தயாரித்தார். பிரதாப் போத்தன் இயக்கிய முதற்படமான அது, அறிமுக இயக்குநருக்கான இந்திராகாந்தி தேசிய விருதைப் பெற்றது. இருபதுகளின் தொடக்கத்தில், கதாநாயகியாகக் கை நிறைய வாய்ப்புகள் இருந்த நேரத்தில், ஒரு நடிகை தன் பணத்தைப் போட்டுப் படம் எடுப்பது அக்காலத்தில் வழமையான விடயமன்று. நடிகைக்குச் சம்பளம் கிடைக்கும். தயாரிப்பாளருக்கோ நட்டமும் கிடைக்கலாம். அந்த வேறுபாட்டை அவர் அப்போதே கற்றுக்கொண்டார் எனலாம்.

தமிழ்த் திரைப்படத்துறை நடிகைகளின் வயது விடயத்தில் இரக்கமற்றது. அறுபது வயது நாயகனுக்கு இருபது வயதுக் காதலி பொருத்தமானவள் என்று கருதும் அத்துறை, முப்பதைக் கடந்த நாயகியிடம் அக்கா, அண்ணி, அம்மா என்ற மூன்று கதவுகளையே திறந்து காட்டுகின்றது. 1993 இல் மீண்டும் பாரதிராஜாவின் இயக்கத்தில் 'கிழக்குச் சீமையிலே' படத்தில் விருமாயியாக, அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையில் அகப்பட்டுத் தவிக்கும் பெண்ணாக அவர் நடித்தார். மிகச் சிறந்த நடிப்பு. ஆனால் இளம் காதலர்களுக்கு அவர் அதில் அம்மா. 1998 இன் 'ஜீன்ஸ்' படத்திலும், இரட்டை வேடம் ஏற்றபோதிலும், மூத்த தலைமுறையின் பக்கத்திலேயே நின்றார்.

இதற்கிடையில் தொலைக்காட்சி வேறொரு கதவைத் திறந்திருந்தது. 1993 ஏப்ரல் 14 இல் சன் தொலைக்காட்சி ஆரம்பமானது. தூர்தர்ஷனின் வாராந்த நாடகங்களுக்குப் பழகியிருந்த இரசிகர்கள் நாளாந்தத் தொடர்களுக்கு மாறினர். அக்காலத்தில் அங்கு நடைமுறையில் இருந்த முறை பற்றிச் சிறிது விளக்குவது அவசியம். தொடரைத் தயாரிப்பவர் அலைவரிசையிடம் அரை மணி நேரத்தை விலை கொடுத்துப் பெறுவார். அந்த அரை மணி நேரத்தினுள் வரும் விளம்பரத்திற்கான சில நிமிடங்கள் அவருக்குரியவை. சவர்க்காரம், தேயிலை, நகை, பட்டுச்சேலை என விளம்பரதாரர்களைத் தேடி அந்நிமிடங்களை விற்று, அலைவரிசைக்குரிய கட்டணத்தையும் நடிகர்களின் சம்பளத்தையும் கொடுத்து, எஞ்சுவதைத் தயாரிப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டும். பார்வையாளர் குறைந்தால் விளம்பரம் குறையும். நட்டம் தயாரிப்பாளரின் தலையில் விழும்.

ஆகவே இத்தொழிலில் உண்மையான சொத்து கதையோ நடிகரோ அல்ல. இரவின் அந்த அரை மணி நேரமே. இதனை நன்கு விளங்கிக்கொண்டவர் ராதிகா. 1994 இல் அவர் தொடங்கிய ராடான் என்ற தயாரிப்பு முயற்சி 1999 இல் நிறுவனமாக விரிவடைந்து, பின்னர் பங்குச் சந்தையிலும் இடம்பிடித்தது. திரைப்படத்தில் நாயகியாக நடிக்க முடியாத வயதில், தானே வாங்கிய நேரத்தில், தானே நாயகியாக அவர் அமர்ந்தார். அவரை வெளியேறுமாறு கூறக்கூடிய தயாரிப்பாளர் எவரும் அங்கு இருக்கவில்லை.

1999 டிசெம்பர் 20 இல் தொடங்கிய 'சித்தி' 2001 நவம்பர் வரை 460 இற்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஒளிபரப்பாகியது. சி.ஜே. பாஸ்கர் இயக்கிய இத்தொடரில் சாரதாவாக ராதிகா நடிக்க, திரையுலகின் மூத்த நடிகர் சிவகுமார் உடன் நடித்தார். தீனாவின் இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய தலைப்புப் பாடல் ஒலித்தவுடன் அடுக்களையிலிருந்து கையைத் துடைத்தபடி ஓடிவந்த பெண்கள் எத்தனை பேர்! புலம்பெயர் நாடுகளில் தமிழ்க் கடைகளில் வீடியோ கசெற்றுகளாக இது வாடகைக்குப் போனது. இங்கும் சக்தி தொலைக்காட்சி வாயிலாகச் சென்னைத் தொடர்கள் இல்லங்களுக்குள் வந்து சேர்ந்தன.

'சித்தி' என்ற சொல்லைக் கவனியுங்கள். தாயின் தங்கையும் சித்தி. தந்தையின் இரண்டாம் மனைவியும் சித்தி. யாழ்ப்பாணத்தில் சின்னம்மா, குஞ்சம்மா என்றும், முஸ்லிம் இல்லங்களில் சாச்சி என்றும் அழைக்கப்படும் பாசமான உறவுகள் உள்ளன. ஆனால் மாற்றாந்தாய் என்றதும் எமது கதைகளிலும் பழைய திரைப்படங்களிலும் வருபவள் பிள்ளையைப் பட்டினி போடும் கொடுமைக்காரியே. மனைவியை இழந்தவரின் மகளுக்குத் தாயாகி, அப்பிள்ளைக்காகவே போராடும் ஒருத்தியைக் கதையின் நடுவில் நிறுத்தியதே இத்தொடரின் வலிமை. அதற்கு முன்னர் 1990 இல் வெளியான 'கேளடி கண்மணி' படத்தில், மனைவியை இழந்த ஒருவரை விரும்பி, அவரது மகளின் எதிர்ப்பினால் விலகிச் செல்லும் ஆசிரியையாக ராதிகா நடித்திருந்தார். அப்பாத்திரத்தின் பெயரும் சாரதா என்பது ஒரு சுவாரசியமான ஒற்றுமை.

ஒரு நாடகத்தொடரை வைத்து இவ்வளவு பேசுவது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நீண்ட யுத்தமும், 2004 டிசெம்பர் 26 இன் ஆழிப்பேரலையும் தாயற்ற பிள்ளைகளையும் துணையிழந்த பெற்றோரையும் எமது கிராமங்களில் விட்டுச் சென்றன. ஆழிப்பேரலையில் ஆண்களிலும் பார்க்கப் பெண்களும் சிறுவர்களுமே அதிகமாக மாண்டனர். அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் கரையோரத் தமிழ், முஸ்லிம் கிராமங்களில், மனைவியை இழந்த ஆண்கள் மறுமணம் செய்தபோது, அவ்வீடுகளுக்குள் புதிதாக வந்த பெண்களை அயலவர் எந்தக் கண்ணோடு பார்த்தனர்? அவர்கள் பிள்ளையைக் கடிந்து ஒரு சொல் கூறினால் 'மாற்றாந்தாய்தானே' என்ற பேச்சு மறுகணமே எழுந்தது. சாரதா என்ற பாத்திரம் அப்பெண்களுக்கு ஒரு மாற்றுச் சித்திரத்தையேனும் முன்வைத்தது.

'சித்தி'யின் பின்னர் 'அண்ணாமலை' (2002), 'செல்வி' (2005), 'அரசி' (2007), 'செல்லமே' (2009), 'வாணி ராணி' (2013) என்று தொடர்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து வந்தன. 'அண்ணாமலை' நீங்கலாகத் தலைப்புகள் யாவும் பெண்ணின் பெயரையோ அவளை விளிக்கும் சொல்லையோ கொண்டவை. 'வாணி ராணி'யில் வழக்கறிஞரான வாணியாகவும் இல்லத்தரசியான ராணியாகவும் இரட்டைச் சகோதரிகளாக அவரே நடித்தார். 2018 டிசெம்பர் வரை 1,700 இற்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். ஐம்பது வயதைக் கடந்த பெண்ணொருவரை நாயகியாக வைத்து இவ்வளவு காலம் கதை நடத்தத் தமிழ்த் திரைப்படத்துறை ஒருபோதும் முன்வந்திருக்காது. தேவயானி போன்ற திரைப்பட நாயகியரும் இதே வழியில் சின்னத்திரைக்கு வந்து நிலைத்தனர். 2003 இல் தொடங்கி 2009 வரை ஓடிய 'கோலங்கள்' அதற்குச் சான்று.

இதன் மறுபக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. நேரம்தான் சொத்து என்றாகிவிட்டால், கதை முடிவது நட்டமாகிவிடுகின்றது. சொல்லி முடிந்த கதைக்குள் புதிய பகையும், கடத்தலும், சொத்துச் சண்டையும் புகுத்தப்படுகின்றன. நூறு அத்தியாயத்தில் நிறைவுபெற வேண்டியது ஆயிரத்தைத் தாண்டுகின்றது. தொடக்கத்தில் தொழில் பார்த்து நிமிர்ந்து நின்ற பெண், நடுவில் இன்னொரு பெண்ணின் சூழ்ச்சியை முறியடிப்பதிலேயே ஆண்டுகளைக் கழிக்கின்றாள். பெண்ணின் துன்பத்தைப் பேசிய தொடர்கள், பெண்ணையே பெண்ணின் பகைவியாக்கியும் காட்டின. ராதிகாவின் தொடர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. கடைசி அரைவாசியைப் பார்க்காமல் விட்டாலும் எதையும் இழக்கமாட்டோம் என்று அவற்றை விடாது பார்த்த பெண்களே எம்மிடம் கூறியதுண்டு.

எமது நாட்டின் நிலைமை இதனோடு தொடர்புடையதே. 1982 இல் ரூபவாஹினி ஆரம்பித்த காலம் முதல் இங்கு தமிழ் நாடகத்திற்குக் கிடைத்த நேரமும் பணமும் சொற்பமே. வானொலி நாடகத்தில் பெயர் பெற்ற எமது கலைஞர்கள் தொலைக்காட்சியில் அதே உயரத்தை எட்ட வாய்ப்பிருக்கவில்லை. 2006 இல் வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள் மீது அரசாங்கம் விசேட வரியொன்றை விதித்தது. உள்ளூர்க் கலைஞரைப் பாதுகாப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. வரி வந்தது, உள்ளூர்த் தமிழ்த் தொடர் ஒன்றேனும் 'சித்தி'யைப் போல் வீட்டுக்கு வீடு பேசப்படும் நிலை வரவில்லை. 2009 இல் ஆரம்பமான வசந்தம் தொலைக்காட்சியும் அவ்விடைவெளியை முழுமையாக நிரப்பிவிடவில்லை. லயன் அறையிலும், காத்தான்குடியிலும், வன்னியிலும் இருந்து பார்த்தவர்கள் சென்னையின் செல்வந்த வீட்டுக் கூடத்தையே கண்டனர். முஸ்லிம் குடும்பமொன்றை மையமாகக் கொண்ட நெடுந்தொடர் எதனையும் நாம் அவற்றுள் கண்டதில்லை. இதற்கு ராதிகாவைக் குறைகூறிப் பயனில்லை. அவர் தம்முடைய சந்தைக்கு விற்றார். எமக்கென்று ஒரு ராடானை உருவாக்க எவரும் முதலிடவில்லை என்பதே எமது குறை.

2019 இன் இறுதியில் தொடங்கிய, பெண்கள் மாத்திரமே பங்கேற்ற 'கோடீஸ்வரி' வினாடி வினா நிகழ்ச்சியை அவர் தொகுத்து வழங்கினார். அதில் 2020 இல் ஒரு கோடி ரூபாவை வென்றவர் மதுரையைச் சேர்ந்த, செவிப்புலனும் பேச்சும் அற்ற ஒரு பெண். அதே ஆண்டு ஜனவரியில் 'சித்தி 2' தொடங்கியது. சில வாரங்களில் கொவிட் தொற்றினால் படப்பிடிப்புகள் நின்றன. நாட்சம்பளத்தை நம்பியிருந்த சின்னத்திரைத் தொழிலாளர் எவ்வளவு பாதுகாப்பற்றவர்கள் என்பது அப்போது வெளிச்சத்திற்கு வந்தது.

2021 இன் தொடக்கத்தில், கணவர் சரத்குமாரின் கட்சிப் பணிக்காக அத்தொடரிலிருந்து விலகுவதாக ராதிகா அறிவித்தார். 2024 இல் அக்கட்சி பாரதீய ஜனதாக் கட்சியுடன் இணைந்ததும், விருதுநகர் மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டு மூன்றாம் இடத்தைப் பெற்றார். இருபது ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் வீட்டுக்குள் வந்துபோன முகத்திற்கு அங்குள்ள வாக்காளர் அளித்த பதில் அது. 'சித்தி 2' தொடரோ, பெயரில் மட்டும் சித்தியை வைத்துக்கொண்டு, அவர் இல்லாமலே 2022 வரை ஒளிபரப்பாகியது.