வலது மூளையும் என் 480 டாலரும்

சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் எங்கள் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு உண்டு. போன வருஷம் அக்டோபரில் அதில் ஒரு விளம்பரம் வந்தது. குழந்தையின் வலது மூளையைத் தட்டி எழுப்பும் பயிற்சி. 12 வாரம், 480 டாலர். நம் பிள்ளைகள் இடது மூளையை மட்டுமே பயன்படுத்துகிறார்களாம். அதனால்தான் கணக்கு வருகிறது, கற்பனை வருவதில்லையாம்.

அதற்கு முந்தைய வாரம்தான் என் எட்டு வயது மகளின் டீச்சர், "சொன்னதை அழகாகச் செய்கிறாள், சொல்லாததைச் செய்து பார்க்கத் தயங்குகிறாள்" என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஏன்னா அது என்னைப் பற்றியும்தான். இன்ஜினியரிங் நாலு வருஷமும் ரெண்டு மார்க், பதினாறு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்து தேறியவன் நான். இப்போது புரோகிராம் எழுதுவதை மெஷினே செய்ய ஆரம்பித்துவிட்டது. 'சொன்னதைச் செய்பவர்' என்ற நல்ல பெயரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வருஷம் ஓட்ட முடியும் என்ற பயம் எனக்கே இருக்கிறது. பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டிய பிறகுதான் விஷயத்தைப் படித்தேன். நம்ம வழக்கமே அதுதானே!

இந்த வலது மூளைக் கதைக்கு ஒரு நிஜமான ஆரம்பம் உண்டு. கடுமையான வலிப்பு நோயாளிகள் சிலருக்கு மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டி சிகிச்சை செய்தார்கள். அவர்களை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. மொழி பெரும்பாலும் இடது பக்கம், சில வேலைகளில் வலது பக்கம் கெட்டி என்பது அவர் காட்டியது. அதிலிருந்து 'இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்' என்று ஆளையே பிரித்தது அறிவியல் இல்லை, வியாபாரம். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1,011 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்கு மொத்தமாக ஒரு பக்கம் ஓங்கி நிற்கிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் அதில் கிடைக்கவில்லை.

அப்படியானால் புது யோசனை எங்கிருந்துதான் வருகிறது? ஆராய்ச்சிக்குப் போகும் முன் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கா வந்த முதல் வருஷம். நவம்பர் முதல் ஞாயிறு, நான் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டத்தில் ஒரு பகுதி வாடிக்கையாளர்களுக்கு பில் தொகை இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டது. ஞாயிறு, திங்கள், இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. கோடைப் பார்த்தேன், டேட்டாபேஸைப் பார்த்தேன், நெட்வொர்க் டீமோடு சண்டை போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி, "என்னங்க, மைக்ரோவேவ் மணியை இன்னும் மாத்தலையே" என்றாள். சோப்புக் கையோடு அப்படியே நின்றேன். குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் ராத்திரி அது. இரண்டு மணி ஆனதும் மறுபடி ஒரு மணி. ஒன்றரை மணிக்கு ஓட வேண்டிய வேலை, அன்றைக்கு இரண்டு ஒன்றரை மணி வந்ததால் இரண்டு தடவை ஓடியிருக்கிறது.

இந்த ஊரில் கடிகாரம் மாறும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் திருச்சியில் வளர்ந்த எனக்கு மணி என்றால் முன்னால் மட்டும் போகிற சமாச்சாரம். அதையே சந்தேகப்படணும் என்று தோன்றவில்லை.

இப்படிப் பளிச்சென்று தோன்றும் கணத்தை, எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் எவன்ஸ்டனில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மார்க் பீமனும், பிலடெல்பியாவின் ஜான் கூனியஸும் சேர்ந்து அளந்திருக்கிறார்கள். 2004ல் வெளியான ஆய்வு அது. மூன்று வார்த்தை கொடுப்பார்கள். மூன்றோடும் சேரும் நாலாவது வார்த்தையைக் கண்டுபிடிக்கணும். தமிழில் நானே ஒன்று செய்து பார்த்தேன்: இரை, கரு, பணம். யோசித்துக்கொண்டே படியுங்கள்.

விடை திடீரென்று தோன்றியதாகச் சொன்னவர்களுக்கு, அந்தக் கணத்துக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு வினாடி முன்னால், வலது காதுக்குச் சற்று மேலே மூளையலைகள் சட்டென்று எகிறின. அதற்கும் கொஞ்சம் முன்னால் தலையின் பின்புறம், பார்வையைக் கவனிக்கும் பகுதி ஒரு நொடி அடங்கியது. கண் திறந்திருக்கும்போதே மூளை உள்ளுக்குள் திரையை இறக்கிவிடுகிற மாதிரி. 'ஆக, வலது பக்கம்தானே?' என்று கேட்பீர்கள். விளம்பரக்காரர்களும் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு வகைக் கேள்வியில் ஒரு கணம் ஓர் இடம் கூடுதலாக வேலை செய்வது வேறு. தூங்கும் பாதி மூளையை 12 வாரத்தில் எழுப்புவது வேறு.

விடை, பை. இரைப்பை, கருப்பை, பணப்பை. அந்த வார்த்தை உங்களிடம் ஏற்கெனவே இருந்தது. வெளியில் தெரியாமல் எது மறித்தது என்பதுதான் கேள்வி.

கார்ல் டங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளரின் மெழுகுவர்த்திச் சோதனை அதைக் காட்டுகிறது. ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி நிறைய போர்டு பின். மெழுகு மேசையில் சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் ஏற்றணும். பின்களைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் குத்தி, அதன் மேல் வர்த்தியை நிறுத்தினால் முடிந்தது. பலருக்கு இது தோன்றுவதில்லை. பெட்டி என்றால் பின் வைப்பதற்கு, அவ்வளவுதான். உளவியலில் இதை 'ஃபங்ஷனல் ஃபிக்ஸட்னெஸ்' என்கிறார்கள். ஒரு பொருளுக்கு ஒரே வேலைதான் என்று மனசு அடம் பிடிப்பது.

1962ல் சாம் க்ளக்ஸ்பெர்க் இதே சோதனையில் பரிசுப் பணத்தைச் சேர்த்தார். சீக்கிரம் முடித்தால் 5 டாலர், எல்லோரையும் முந்தினால் 20 டாலர். பணம் பேசப்பட்டவர்கள், பேசப்படாதவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நிமிஷம் தாமதமாக முடித்தார்கள்! பின்களை முதலிலேயே வெளியே கொட்டி, காலிப் பெட்டியைக் காட்டியபோது மட்டும் பணம் வேகத்தைக் கூட்டியது. வழி கண்ணுக்குத் தெரிந்தால் பரிசு உதவும். தெரியாதபோது பிடிவாதத்தை இன்னும் இறுக்கும். இதைப் படித்ததும், முழு மார்க் வாங்கினால் ஐபேட் என்று மகளிடம் பேசியது ஞாபகம் வந்து கூசியது.

இங்கிலாந்தில் டிம் ஜெர்மனும் மார்கரெட் டிஃபைட்டரும் 2000ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். பெட்டியை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டிய ஒரு புதிர். முதலில் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டினால் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் தடுமாறினார்கள். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அது தடையாகவே இல்லை. இந்தத் தடை நாம் வளர வளரச் சேர்த்துக்கொள்வது. சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும், பெட்டி எதற்கு என்று தெரியாமல் காலம் தள்ள முடியாதே.

வீட்டில் முயன்று பார்த்தேன். தீப்பெட்டிக்கு மனைவி தடை போட்டுவிட்டாள். மகள் பத்து நிமிஷம் வர்த்தியிலேயே பின்னைக் குத்திக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகன் வந்து பின்களைத் தரையில் கொட்டிவிட்டு, பெட்டிக்குள் தன் காரை நிறுத்திக்கொண்டு போனான். வர்த்தியைப் பற்றி அவனுக்கு அக்கறையே இல்லை. ஒரு வீட்டுக் கூத்து ஆராய்ச்சி ஆகாது, ஆனாலும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

சும்மா இருந்தால் யோசனை பொங்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜாகரி இர்விங் குழு 2022ல் வெளியிட்ட சோதனைகளில், துணி மடிக்கும் சலிப்பான வீடியோவைப் பார்த்தபோது மனசு அலைந்து பெரிய பலன் இல்லை. ஓரளவு ஈர்க்கும் சினிமாக் காட்சி ஓடும்போது அலைந்த மனசுதான் புதியவற்றைக் கொண்டுவந்தது. பாத்திரம் கழுவுவது அந்த ரகம் என்று நினைக்கிறேன். கூடவே, இரண்டு ராத்திரி மண்டையைப் போட்டு உடைத்தது உள்ளே இல்லாவிட்டால், மைக்ரோவேவ் மணி எனக்கு வெறும் மணிதான்.

பிறகு எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். கணக்கு டியூஷன், பரதம், நீச்சல், தமிழ்ப் பள்ளி, வலது மூளை. பாத்திரம் கழுவக்கூட மகளுக்கு நேரம் விடவில்லை நாங்கள்.

12 வாரம் முடிந்து சான்றிதழ் வந்தது. இரண்டாம் நிலைக்கு 560 டாலர் என்று ஒரு மெயிலும் கூடவே வந்தது. கட்டவில்லை. காலியான சனிக்கிழமை பத்து மணிக்கு அபாகஸ் போடலாமா என்று மனைவி கேட்டாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். "போர் அடிக்குதுப்பா" என்று இரண்டு சனிக்கிழமை மகள் என்னோடு சண்டை போட்டாள். மூன்றாவது சனிக்கிழமை கராஜுக்குப் போனால் என் ஸ்க்ரூ எல்லாம் தரையில் கொட்டிக் கிடக்கிறது. பெட்டியைக் காணோம்.