படைவீரர் இல்லத்து வேற்றுநாட்டு மகவு

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தல் எல்லா நாட்டிலும் உள்ள பழைய வழக்கமே. ஆயின் ஒரு நாட்டுக் குழந்தையை மற்றொரு நாட்டார் சட்டப்படி மகவேற்றல் பெருகியது இரண்டாம் உலகப் போரின் பின்னராகும். அதற்கு வழிதிறந்தோருள் ஐக்கிய அமெரிக்கப் படைவீரர் முக்கியமானவர். யப்பானிலும் ஜேர்மனியிலும், பின்னர் கொரியாவிலும் பாசறை அமைத்திருந்த அவர்கள், போரிற் பெற்றோரை இழந்த சிறுவரையும், அந்நியப் படைவீரருக்குப் பிறந்து கைவிடப்பட்ட குழந்தைகளையும் கண்ணெதிரே கண்டனர். கொரியாவிலே சில படைப்பிரிவுகள் அநாதைச் சிறுவரைத் தம் பாசறையிலேயே வைத்து உணவூட்டி வந்தன. ஊர் திரும்பும் வேளையில் அச்சிறுவரை என் செய்வது?

அழைத்துச் செல்ல மனம் இருந்தும் சட்டம் இடந்தரவில்லை. 1952ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கொரியாவுக்கு ஒதுக்கிய பங்கு ஆண்டுக்கு 100 பேர் மட்டுமே. ஆகவே, கொரியப் போர் ஓய்ந்த 1953 யூலை மாதத்திலேயே, கடல் கடந்து பணிபுரியும் படையினரும் அரசாங்க ஊழியரும் தத்தெடுக்கும் பத்து வயதுக்குட்பட்ட அநாதைகளுக்கென 500 சிறப்பு அனுமதிகள் வழங்கப்பட்டன. அடுத்த மாதம் நிறைவேறிய அகதிகள் நிவாரணச் சட்டம் மேலும் 4,000 அனுமதிகளை, படையினரல்லாத குடிமக்களும் பயன்பெறுமாறு அளித்தது. இவ்வாறு பாசறையிலே தோன்றிய வழி பொதுவழியாயிற்று.

படையினர் வாழ்க்கைக்கே உரிய இடர்களும் உள. மகவேற்க விரும்புவோரின் இல்லத்தைச் சமூக சேவை அலுவலர் நேரில் ஆராய்ந்து அறிக்கை எழுதுதல் வேண்டும். அவ்வறிக்கை முற்றுப்பெறும் வேளையில் இடமாற்றக் கட்டளை வந்துவிட்டால், புதிய வீட்டையும் ஆராய்ந்து அதனைத் திருத்தி எழுதுவித்தல் அவசியமாகும். செலவுக்கு ஒருபகுதி உதவியாகக் குழந்தை ஒன்றுக்கு 2,000 டொலர் வரை அரசாங்கம் மீளக் கொடுக்கிறது. ஆயினும் மகவேற்பு நிறைவேறிய பின்னரே அப்பணம் கைக்கு வரும்.

இவற்றினும் பெரிய சிக்கல் பிரசாவுரிமை பற்றியது. நேயர்களே, பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைக் கேட்பது என் போன்ற அதிபர்களின் அன்றாட வேலை. பெயரும் தந்தை பெயரும் சரியாயிருந்தால் நாம் அத்துடன் அமைந்துவிடுகிறோம். அமெரிக்காவிலே பெற்றோர் பலரும் அவ்வாறே அமைந்தனர். நீதிமன்றம் மகவேற்பை உறுதி செய்தபின் குழந்தை தானாகவே அமெரிக்கப் பிரசையாகிவிடும் என எண்ணினர். ஆனால் அதற்கென வேறாக விண்ணப்பித்தல் அக்காலத்திற் கட்டாயமாயிருந்தது. விண்ணப்பிக்காதோரின் பிள்ளைகள் சிலர், வளர்ந்தபின் குற்றத் தண்டனை பெற்றபோது, மொழியும் உறவும் அறியாத பிறந்த நாட்டுக்கே நாடு கடத்தப்பட்டனர். பெற்றோரின் மறதிக்கு இத்துணைக் கொடிய விலை நியாயமெனக் கூறமுடியவில்லை.

2000ஆம் ஆண்டில் நிறைவேறி, 2001 பெப்ரவரி 27ஆந் திகதி நடைமுறைக்கு வந்த குழந்தைகள் பிரசாவுரிமைச் சட்டம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. எனினும் குழந்தை அமெரிக்காவில் வதியவேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தந்தையார் அரசாங்கக் கட்டளைப்படி யப்பானிலோ ஜேர்மனியிலோ பணிபுரிகையில் குழந்தை எங்கே வதிகிறது? பல்லாண்டு காலம் குடிவரவுத் திணைக்களம் அத்தகைய குழந்தையை அமெரிக்காவில் வதிவதாகவே கொண்டது. 2019 ஒக்டோபரில் அக்கொள்கை மாற்றப்படவே, படையினர் குடும்பங்கள் கலக்கமுற்றன. தாய்நாட்டின் ஆணையாற் கடல் கடந்தவனின் பிள்ளையை, கடல் கடந்ததனாலேயே புறத்தில் நிறுத்துவது விந்தையன்றோ! 2020 மார்ச்சில் இயற்றப்பட்ட தனிச்சட்டம் ஒன்று அப்பிள்ளைகளுக்கு மீண்டும் வழிசெய்தது.

இவ்விடயத்தில் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. நாடுகளுக்கிடையிலான மகவேற்பை ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை முதலில் ஏற்றவை மெக்சிக்கோ, ருமேனியா, இலங்கை என்பனவே. அம்மூன்று நாடுகளுடன் அது 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா அதிற் சேர்ந்தது 2008இலேயே. கொரியக் குடியரசு சேர்ந்தது 2025இல்.

மேற்கூறிய பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலே பதினெட்டு வயது நிறைந்திருந்தோரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 1953ஆம் ஆண்டு அனுமதியுடன் பாசறையிலிருந்து சென்ற சிறுவர் யாவரும் அதற்குள் நடுவயது எய்தியிருந்தனர். அத்தகையோருக்கும் உரிமையளிக்கும் ஏற்பாடு 2022 பெப்ரவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய பெரிய மசோதாவொன்றில் இடம்பெற்றது. இறுதிச் சட்டத்தில் அது விடுபட்டுப் போயிற்று.