ஒரு தராசும் பல ஏடுகளும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலே புசல்லாவையைக் கடந்து செல்வோர், கொழுந்து நிறுக்கும் காட்சியைக் கண்டிருப்பர். தராசு காட்டும் ஓர் எண் தொழிலாளியின் சம்பளத்துக்கு வேண்டும், தொழிற்சாலைக்கு வேண்டும், ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக்கும், கொழும்பிலுள்ள கம்பனிக் கந்தோருக்குங்கூட வேண்டும். பழைய வழக்கப்படி ஒவ்வோரிடத்திலும் அது தனித்தனி ஏட்டில் எழுதப்படும். கணினி புகுந்த நிறுவனங்கள் பலவற்றிலும் ஏடுகள் இருந்த இடத்தில் தனித்தனி மென்பொருள்கள் அமர்ந்தனவேயன்றி, ஒன்றோடொன்று பேசக் கற்கவில்லை.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவதே சேவை சார்ந்த மென்பொருட் கட்டமைப்பு. கார்ட்னர் நிறுவனத்து ஆய்வாளர்கள் 1996ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். ஒரு வேலையை ஒரு பகுதியே செய்யும். ஏனையவை குறித்த முறைப்படி அதனிடம் கேட்டுப் பெறும். கடிதத்தைப் பெட்டியில் இடுபவர் முகவரியையும் முத்திரையையும் சரிபார்த்தாற் போதும். அது எந்தப் புகைவண்டியில் ஏறுகிறது என்று கேட்பதில்லை அன்றோ?

இத்தனை எளிதாயின் நிறுவனங்கள் இடர்ப்படுவானேன்? முதலிலே சொற்களைப் பார்ப்போம். தோட்டத்திலே ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையைக் குறிக்கும். கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. சேமலாப நிதிக் கணக்கிலோ பெயர் என்பது ஆளைக் குறிக்கும். எடையும் அவ்வாறே. மலையில் நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு உண்டு. தொழிற்சாலையில் மீண்டும் நிறுக்கப்படும். இரண்டில் எது ‘எடை’? கணக்கப்பிள்ளையும் டீமேக்கரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்யாதவரை, எந்த மென்பொருளும் அதனைத் தீர்க்காது. தீராத வழக்கின் நட்டம் கொழுந்து பறித்தவளின் சம்பளச் சீட்டிலே வந்து நிற்கும்.

அடுத்தது செலவு. பிறர்க்கும் பயன்படும்படி ஒரு சேவையை அமைக்கும் பிரிவுக்கு அதிகப் பணமும் காலமும் செல்லும். பயனோ பக்கத்துப் பிரிவுக்கு. ஆண்டுக் கணக்கில் தன் செலவுக்கு மட்டுமே விடைசொல்லும் அதிகாரி இதற்கு ஏன் முன்வருவார்? சம்பள நாளில் அப்பொதுச் சேவை நின்றுவிட்டால் எல்லாப் பிரிவுகளும் நின்றுவிடும் என்ற அச்சமும் உண்டு. ஆகவே அவர் ஒரு தனிப்படியை மறைவாக வைத்துக்கொள்கிறார். பழைய இரட்டை ஏடு மீண்டும் பிறந்துவிடுகிறது! விலையுயர்ந்த இணைப்பு மென்பொருளை வாங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணிய நிறுவனங்களும் உள. கரும்பலகை வாங்கியதால் மட்டும் பாடம் நடந்துவிடுமா?

மெல்வின் கான்வே என்பவர் 1968இலேயே இதன் வேரைச் சுட்டினார். ஒரு நிறுவனம் வகுக்கும் அமைப்பு, அந்நிறுவனத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையையே ஒத்திருக்கும் என்றார் அவர். பேசாத பிரிவுகளின் மென்பொருள்களும் பேசா.

கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. தேயிலையின் தரப்பெயர், பட்டியல், மாதிரி ஆகிய அனைத்திலும் வாங்குவோரும் விற்போரும் நெடுங்காலமாக உடன்பட்டிருந்தனர். அங்கும் இணையவழி ஏலம் பல்லாண்டு பேச்சளவிலேயே நின்றது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஏல மண்டபம் அடைபட்டது. ஏப்ரலில் ஏலம் கணினிக்கு மாறிவிட்டது. சொற்கள் முன்னரே பொதுவாயிருந்தமையால் சில வாரங்களே போதுமாயின.

தோட்டங்கள் சிலவற்றில் இன்று மின்தராசு வந்துள்ளது. சாக்கின் கழிவை எந்த ஏட்டில் வைப்பது என்பதை இன்னமும் மனிதரே பேசித் தீர்க்கவேண்டியிருக்கிறது.