நொய்யல் கேட்கும் கணக்கு

காவிரிக்குப் பாட்டு உண்டு, வையைக்கு விழா உண்டு. நொய்யலுக்கு என்ன உண்டு, தோழர்களே? வழக்கு உண்டு!

மேற்கே வெள்ளியங்கிரி மலையில் ஓடைகளாகப் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தொட்டு, ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நடந்து, தன் பெயரையே தாங்கிய நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கும் சிற்றாறு அது. மழை பெய்தால் வெள்ளம். பொய்த்தால் வெறும் மணல். அந்தக் குணம் அறிந்தவர்கள் நம் முன்னோர். குறுக்கே அணை போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், ஓடி மறையும் வெள்ளத்தை உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று குளம் குளமாக நிறுத்தி வைத்தார்கள்.

இது உழவன் ஆறு மட்டுமன்று, தொழிலாளி ஆறுங்கூட. சென்னிமலைக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் கொடுமணல் என்றோர் ஊர். 1985 முதல் அங்கே மண்ணைத் தோண்டினார்கள். கிடைத்தது அரண்மனையா? இல்லை. இரும்பு உருக்கிய உலை! கல்மணி தீட்டித் துளையிட்ட பட்டறை! ஆட்களின் பெயர் கீறிய பானை ஓடுகள்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கரையில் வேலை செய்து பிழைத்தவன் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான். பதிற்றுப்பத்து பேசும் கொடுமணம் இதுவே என்பர் ஆய்வாளர்.

அதே வட்டாரத்தில் 1992இல் ஒரத்துப்பாளையம் அணை எழுந்தது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்றார்கள். வந்து நின்றதோ திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு! உப்பேறிற்று மண், கிணறு கெட்டது. பாசனத்துக்குக் கட்டிய அணையைக் கண்டு பாசனக்காரனே நடுங்கினான், நீதிமன்றம் ஏறினான். 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

பார்த்தீர்களா வேடிக்கையை! மேல்கரையில் உழவன் மகனே சாயத் தொட்டியில் கை நனைக்கிறான். கீழ்க்கரையில் உழவன் நிலம் இழக்கிறான். இருவரையும் எதிரிகளாக நிறுத்திவிட்டார்கள். நான் இருவரையும் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். கப்பலேறிப் போன பனியனின் விலையில் நூலுக்குக் கணக்கு இருந்தது, சாயத்துக்குக் கணக்கு இருந்தது. அழுக்குத் தண்ணீரைத் தூய்மையாக்கும் செலவு மட்டும் நெடுநாள் ஏறவில்லை. அந்தக் கடனை முதலில் கட்டியவன் உழவன், கெட்ட நிலத்தால். பின்னர் கட்டியவன் தொழிலாளி, பட்டறை மூடிய நாட்களின் போன கூலியால்.

கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பதே இன்று பட்டறைகளுக்கு விதி. நல்ல விதி; செலவும் பெரிது. அந்தச் செலவு வாங்குவோன் தலையில் ஏறுகிறதா, கூலியில் கழிகிறதா என்று அடுத்த கூலிப் பேச்சில் கேட்டுவிட்டு வாருங்கள்.