ஒரு 'ஓகே'... ஓர் 'எஸ்'... மலைத் தீவு டெனெரிஃபில் 914 பேரைப் பலிகொண்ட நான்கு விமான விபத்துகள்!

இரண்டு விமானங்களுமே தரையில்தான் இருந்தன. இன்ஜினில் கோளாறு இல்லை. விமானிகளும் கற்றுக்குட்டிகள் இல்லை. ஆனாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் 583 பேர் இறந்துபோனார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இன்றுவரை இதைவிட அதிக உயிர்களைப் பறித்த விபத்து வேறு இல்லை.

1977 மார்ச் 27-ல் டெனெரிஃப் தீவில் நடந்த இந்த விபத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால், அதற்கு முன்பும் பின்பும் இதே தீவில் விமானங்கள் நொறுங்கியிருக்கின்றன. 1965 முதல் 1980 வரையிலான பதினைந்து ஆண்டுகளில் மட்டும் நான்கு பெரிய விபத்துகள். மொத்தம் 914 பேர் பலி. அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தீவில்?

ரன்வேயில் வந்து உட்காரும் மேகம்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது கனேரித் தீவுக்கூட்டம். ஸ்பெயினுக்குச் சொந்தமான இந்தத் தீவுகளில் மிகப் பெரியது டெனெரிஃப். தீவின் நடுவில் 3,715 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது டெய்டே எரிமலை. ஸ்பெயின் நாட்டிலேயே உயரமான சிகரம் இதுதான். ஐரோப்பா குளிரில் நடுங்கும்போதும் இங்கே வெயில் அடிக்கும் என்பதால், சுற்றுலாப் பயணிகள் வந்து குவிவார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய லாஸ் ரோடியோஸ் விமான நிலையம், தீவின் வடக்கே மலைகளுக்கு இடையில், கடல் மட்டத்திலிருந்து 633 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிக்கல் அந்த உயரத்தில்தான். கடலிலிருந்து வரும் ஈரமான வடகிழக்குக் காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் தங்கும் உயரமும் ரன்வேயின் உயரமும் ஏறக்குறைய ஒன்று! மூடுபனி என்று எல்லோரும் சொல்வது உண்மையில் தரையைத் தொட்டு நகரும் மேகம். இந்த நிமிடம் ரன்வே பளிச்சென்று தெரியும். அடுத்த நிமிடம் எதிரில் நிற்பது எதுவும் தெரியாது.

1965 மே மாதம், இப்படியான மோசமான வானிலையில் தரையிறங்க முயன்ற ஐபீரியா நிறுவனத்தின் விமானம் விபத்துக்குள்ளாகி 30 பேர் இறந்தார்கள். 1972 டிசம்பர் 3-ல், கண்ணுக்கு எதுவுமே தெரியாத நிலையில் மியூனிக் நகருக்குக் கிளம்பிய ஸ்பான்டாக்ஸ் விமானம், மேலெழும்பிய சற்று நேரத்தில் விழுந்தது. அதில் இருந்த 155 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அன்று மாலை 5.06

1977-ல் மோதிக்கொண்ட இரண்டு விமானங்களும் டெனெரிஃபுக்கு வரவேண்டியவையே அல்ல. அவை போகவேண்டியது பக்கத்துத் தீவான கிரான் கனேரியாவுக்கு. அங்கே விமான நிலையத்துப் பூக்கடையில் பிரிவினைவாதிகள் வைத்த குண்டு வெடித்தது. இன்னொரு குண்டு இருப்பதாகவும் மிரட்டல் வந்தது. உடனே நிலையத்தை மூடிவிட்டு, வந்துகொண்டிருந்த விமானங்களை லாஸ் ரோடியோஸுக்குத் திருப்பிவிட்டார்கள்.

ஒரே ஒரு ரன்வே கொண்ட அந்தச் சிறிய நிலையம் திணறியது. திருப்பிவிடப்பட்ட விமானங்கள் டாக்ஸிவேயை அடைத்து நின்றதால், கிளம்பும் விமானங்கள் ரன்வேயிலேயே ஊர்ந்துபோக வேண்டிய நிலை. நெதர்லாந்தின் கே.எல்.எம். ஜம்போ முன்னால் போய், ரன்வேயின் கடைசியில் திரும்பி நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ அதன் பின்னால் அதே ரன்வேயில் வந்துகொண்டிருந்தது. மூன்றாவது திருப்பத்தில் வெளியேறும்படி அதற்கு உத்தரவு. ஆனால், பிரமாண்டமான ஜம்போ வளைந்து திரும்புவதற்கு ஏற்ற திருப்பம் அல்ல அது. பான் ஆம் அதைத் தாண்டி நான்காவது திருப்பத்தை நோக்கிப் போனது.

இதற்குள் மேகம் இறங்கிவிட்டது. விமானங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. கன்ட்ரோல் டவரிலிருந்து இரண்டையுமே பார்க்க முடியவில்லை. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடாரும் அங்கே இல்லை. மூன்று தரப்புக்கும் இருந்த ஒரே இணைப்பு, ரேடியோவில் வரும் குரல் மட்டுமே.

கிளம்பிய பிறகு எந்த வழியில் பறக்க வேண்டும் என்ற அனுமதியை மட்டும் டவர் கே.எல்.எம்முக்குக் கொடுத்தது. அந்த வாசகத்துக்குள்ளேயே 'டேக்-ஆஃப்' என்ற சொல்லும் இருந்தது. அதைத் திருப்பிச் சொன்ன கோ-பைலட், தாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். 'கிளம்பிக்கொண்டிருக்கிறோம்' என்பது அவர் சொல்லவந்தது. 'கிளம்பத் தயாராக நிற்கிறோம்' என்று டவர் புரிந்துகொண்டது. பதிலுக்கு 'ஓகே' என்றது. சிறிது இடைவெளி விட்டு, 'காத்திருங்கள், கூப்பிடுகிறோம்' என்ற பொருளில் தொடர்ந்தது. சரியாக அதே நொடியில், தாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம் என்று பான் ஆமும் பேசியது. ஒரே அலைவரிசையில் இரண்டு குரல்கள் மோத, கே.எல்.எம். காக்பிட்டில் கேட்டது கீச்சென்ற விசில் சத்தம். தெளிவாகக் காதில் விழுந்தது அந்த 'ஓகே' மட்டுமே!

அதற்குப் பிறகும் ஒரு வாய்ப்பு இருந்தது. ரன்வேயை விட்டு விலகியதும் சொல்லும்படி டவர் பான் ஆமிடம் கேட்டதை கவனித்த கே.எல்.எம். ஃப்ளைட் இன்ஜினீயருக்குச் சந்தேகம் வந்தது. பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் வான் ஸான்டன் அடித்துச் சொல்லிவிட்டார். அவர் சாதாரண விமானி அல்ல. ஜம்போ ஓட்டுபவர்களுக்குப் பயிற்சி தரும் தலைமை ஆசான். பக்கத்தில் இருந்த கோ-பைலட்டைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்தவரும் அவரே. அவரிடம் மறுபடி கேட்க யாருக்கும் நா எழவில்லை.

சில நொடிகளில் மேகத்துக்குள்ளிருந்து பான் ஆம் தெரிந்தது. கே.எல்.எம்மில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் ஆமில் 335 பேர் பலி. 61 பேர் தப்பினார்கள். கே.எல்.எம்மில் வந்த சுற்றுலா வழிகாட்டி ஒருவர், டெனெரிஃபிலேயே வசித்ததால் மறுபடி விமானம் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மட்டும் உயிரோடு இருந்தார்.

மூன்றே ஆண்டுகளில் மீண்டும்...

1978 நவம்பரில், தீவின் தெற்கே கடலோரமாகப் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆனால், பழைய நிலையமும் இயங்கிக்கொண்டிருந்தது. 1980 ஏப்ரல் 25-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து அங்கே வந்தது டான்-ஏர் நிறுவனத்தின் போயிங் 727. முன்னால் வேறொரு விமானம் இருந்ததால், வானில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னது டவர்.

இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருங்கள் என்பது டவர் நினைத்தது. அதற்கு 'டர்ன்ஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னதோ 'டர்ன்'. ஓர் 'எஸ்' விடுபட்டதில், 'இடப்பக்கம் திரும்புங்கள்' என்று அர்த்தம் மாறிப்போனது. விமானமும் திரும்பியது. அந்தப் பகுதியில் குறைந்தபட்சம் 14,500 அடி உயரத்தில் பறந்தால்தான் பாதுகாப்பு. விமானம் இறங்க அனுமதிக்கப்பட்டிருந்ததோ 5,000 அடிக்கு! மேகத்துக்குள் மறைந்திருந்த மலையில் மோதி, 146 பேரும் இறந்தார்கள்.

இதில் மனதைப் பிசையும் விஷயம் ஒன்று உண்டு. டவர் சொன்ன வழி விசித்திரமாக இருக்கிறதே என்று விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். டவரிடம் திருப்பிக் கேட்கவில்லை. கேப்டனே முதன்மைப் பொறுப்பு என்றது ஸ்பெயின் விசாரணை. தெளிவில்லாத அந்த உத்தரவுக்கும் பெரிய பங்கு உண்டு என்றது பிரிட்டன் தரப்பு.

மலையும் மேகமும் அன்றும் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மாறியது மனிதர்கள் பேசும் முறை. இப்போது 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும். முக்கியமான உத்தரவுகளுக்கு வெறும் 'ஓகே' செல்லாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு மாற்றம், காக்பிட்டுக்குள் நடந்தது. 1979-ல் நாசா நடத்திய பயிலரங்குக்குப் பிறகு விமான நிறுவனங்களில் ஒரு புதிய பயிற்சி பரவியது. ஜூனியருக்குச் சந்தேகம் வந்தால் தயங்காமல் கேட்க வேண்டும்; தெளிவாகும்வரை விடக்கூடாது. சீனியர் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். கேப்டனின் சொல்லே வேதம் என்றிருந்த தொழிலில் இது சாதாரண மாற்றம் இல்லை.

விபத்தின் முப்பதாவது ஆண்டில், 2007 மார்ச் 27-ல், விமான நிலையத்துக்கு அருகே ஒரு குன்றின் மேல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வானத்தை நோக்கி வளைந்து ஏறி, பாதியில் நின்றுபோகும் படிக்கட்டு அது. பழைய விமான நிலையம் இன்றும் இயங்குகிறது. மேகம் இன்றும் ரன்வேயில் இறங்குகிறது. அப்போதெல்லாம் டவர் சொல்வதை விமானி ஒருமுறை அப்படியே திருப்பிச் சொல்கிறார். அது சரியா என்று டவர் காதுகொடுத்துக் கேட்கிறது.