மழலையும் மொழியும்

நாஞ்சில் நாட்டின் கடற்கரை ஊர்களுள் ஒன்று இராஜாக்கமங்கலம். தென்னைகளின் இடையே கடலொலி கேட்கும் அவ்வூரில், அந்திப்பொழுதில் தாயொருத்தி தன் மகவை ஒக்கலில் ஏந்தி, "நிலா எங்கே?" என்று வினவுகின்றாள். குழந்தை அண்ணாந்து வானை நோக்குகின்றது. நிலா என்னும் சொல்லை அஃது இன்னும் சொல்ல அறியாது. ஆயினும் அதன் பொருளை அறிந்துகொண்டது. பேசுதற்கு முன்னரே கேட்டுணர்தல் நிகழ்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கேட்டல் கருப்பையிலேயே தொடங்குகின்றது. பிறப்பதற்கு முந்திய சில திங்களிலேயே செவி ஒலியை ஏற்கும் திறம் பெறுகின்றது. ஆகையால், பிறந்த சில நாளில் குழவி தாயின் குரலைப் பிற மகளிர் குரலினின்றும் பிரித்துணர்கின்றது. இரண்டு மூன்று திங்களில் "ங்கா" என்னும் ஒலி தொண்டையிலிருந்து எழும். ஆறேழு திங்களில் "மம்மம்", "பப்பப்" என இதழொலிகள் பிறக்கும். பகரமும் மகரமும் இதழ் இரண்டும் இயைவதால் பிறக்கும் எனத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். இதழ்களைக் கூட்டித் திறத்தல் குழவிக்கு எளிது. அம்மா, அப்பா என்னும் சொற்கள் அவ்வொலிகளால் அமைந்திருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

ஓராண்டளவில் பொருளுள்ள முதற்சொல் தோன்றும். இரண்டாண்டு நிரம்பும் அளவில் "பால் தா", "அப்பா வா" எனச் சொற்கள் இரண்டிரண்டாகக் கூடும். நாவை வளைத்து ஒலிக்க வேண்டிய ழகரம் பின்னரே கைவரும். அதுவரை பழம் "பயம்" ஆகும். அதனை எள்ளி நகையாடாது, "ஆம், பழம்" என்று பெற்றோர் திருத்தமாகச் சொல்லிவரின், குழந்தை தானே திருந்திக்கொள்ளும்.

குமரி மாவட்டப் பகுதி 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்தது. தமிழோடு மலையாளமும் வழங்கும் இல்லங்கள் இன்றும் அங்கு உண்டு. அவ்வில்லக் குழந்தைகள் இரு மொழியையும் கற்கின்றன. மொழி குருதிவழி வருவதன்று; உடன் வாழ்வோர்வழி வருவது.

உடன் வாழ்வோர் பேச்சுச் செவியிற் புகாவிடின் யாது நிகழும்? கேளாக் குழவியும் முதலில் அழும், "ங்கா" என்னும். ஆயினும் அதன் மழலை செழித்து வளர்வதில்லை. சுற்றத்தார், "நாக்குத் தடித்திருக்கின்றது" என்பர். வசம்பை உரைத்து நாவில் தடவுவர். "இக்குடியில் பிள்ளைகள் தாமதித்தே பேசுவர்" என்று ஆறுதல் கூறுவர். குறையோ நாவில் இல்லை, செவியில் உள்ளது. அதனை அறியாதிருக்கும்போதே, மொழி எளிதிற் பதியும் பருவம் கழிந்துவிடுகின்றது.

பிறந்த சில நாளிலேயே செவித்திறனை ஆய்ந்தறியும் கருவிகள் இன்று உள்ளன. பேரொலி கேட்டுத் திடுக்கிடாத குழவியையும், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத ஓராண்டுக் குழந்தையையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். செவிக்கருவி பலர்க்கு உதவும். தொடக்கமுதல் சைகைமொழியைக் கண்டு வளரும் கேளாக் குழந்தையோ, கைகளாலேயே மழலை பயின்று, அதனைத் தாய்மொழியாகவே கற்கும்.

தால் என்பது நா. தாய் தன் நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு ஆயிற்று. முதலில் அசைவது தாயின் நா. பின்னர் அசைவது சேயின் நா. கைப்பேசித் திரையும் ஓயாது பேசும். எனினும், குழந்தையின் "ங்கா"வுக்கு அது மறுமொழி கூறாது. ஆதலால், பள்ளியிலிருந்து மீளும் மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து மழலையோடு நாடோறும் சிறிது பொழுது முகம் நோக்கிப் பேசுவாராக. அழைத்தும் திரும்பாத குழந்தையைக் கண்டால், அதனைப் பெற்றோர்க்கு உடனே உணர்த்துவதும் அவர்தம் கடனாகும்.